எது அசைய வேண்டும்: விளம்பர மின்னஞ்சலில் ஜிஃப் படம்

2012-ஆம் ஆண்டின் இறுதியில், விண்டோஸ் 8 வெளிவந்த கையோடு, டெல் நிறுவனம் எக்ஸ்பிஎஸ் 12 என்ற கணினியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பார்வைக்குச் சாதாரண மடிக்கணினிதான். ஆனால் அதன் திரை, தன்னைச் சுற்றியுள்ள சட்டத்துக்குள்ளேயே புரளும். ஒப்பனை மேசையில் இருபுறமும் ஆணி வைத்துப் பொருத்திய கண்ணாடியை மேலும் கீழுமாகத் திருப்புகிறோமே, அதுபோல. திரையைப் புரட்டிவிட்டு மூடினால் கையில் இருப்பது ஒரு டேப்லெட். இதை எழுத்தில் சொல்ல இத்தனை வாக்கியம் வேண்டியிருக்கிறது. புகைப்படத்திலும் வசப்படாது. ஒரு படத்தில் மடிக்கணினி தெரியும், இன்னொன்றில் டேப்லெட் தெரியும், ஒன்று எப்படி மற்றதாகிறது என்பது இரண்டிலும் தெரியாது.

டெல்லின் மின்னஞ்சல் குழு அந்தப் புரளலை ஜிஃப் என்ற அசையும் படமாக்கி மின்னஞ்சலின் நடுவில் வைத்தது. மார்க்கெட்டிங்ஷெர்பா என்ற ஆய்வு நிறுவனம் பின்னர் இதை ஒரு முன்மாதிரியாக வெளியிட்டது. டெல்லின் அந்தக் காலாண்டு அளவீடுகளோடு ஒப்பிட்டால் மின்னஞ்சலைத் திறந்தவர்களின் விகிதம் 6 சதவீதம் கூடியது, கிளிக் செய்தவர்களின் விகிதம் 42 சதவீதம் கூடியது, வாங்கியவர்களின் விகிதம் 103 சதவீதமும் வருவாய் 109 சதவீதமும் உயர்ந்தன. மின்னஞ்சல் விளம்பரத் துறையில் பத்தாண்டுக்கும் மேலாக இந்த எண்கள் சுற்றிவருகின்றன. ‘ஜிஃப் போட்டால் வருவாய் இரட்டிப்பாகும்’ என்று சொல்ல விரும்பும் எவரும் இவற்றைத்தான் எடுத்துக்காட்டுவார்கள்.

அந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். முதல் எண்ணைப் பாருங்கள். மின்னஞ்சலைத் திறந்தால்தான் உள்ளே இருக்கும் படம் கண்ணில் படும். திறக்கலாமா வேண்டாமா என்று ஒருவர் முடிவெடுக்கும் நேரத்தில் அவர் முன்னால் இருப்பவை அனுப்புநரின் பெயர், தலைப்பு வரி போன்ற எழுத்துகள் மட்டுமே. ஆக, திறப்பு விகிதம் 6 சதவீதம் கூடியதற்கு உள்ளே இருந்த ஜிஃப் காரணமாக இருக்க முடியாது. புதுப் பொருள் என்ற ஆவல், தலைப்பு வரி, அனுப்பிய நேரம் என்று வேறு ஏதோ உழைத்திருக்கிறது. அந்த ஏதோ ஒன்று மற்ற மூன்று எண்களுக்குள்ளும் கலந்திருக்கும் அல்லவா? மேலும், இது ஒரே மின்னஞ்சலை ஜிஃப்புடன் பாதிப்பேருக்கும் அசையாப் படத்துடன் மீதிப்பேருக்கும் அனுப்பிச் செய்த சோதனை அல்ல. காலாண்டின் வழக்கமான அளவோடு செய்த ஒப்பீடு. வழக்கமான வாரங்களில் இப்படிப் புரளும் திரை எதுவும் விற்பனைக்கு இருந்திருக்காது.

இத்தனையும் கழித்த பிறகும் அந்த மின்னஞ்சலில் ஒரு பாடம் மிஞ்சுகிறது என்று நான் நம்புகிறேன். அங்கே அசைந்தது விற்கப்பட்ட பொருளின் உயிர்நாடி. அசைவை எடுத்துவிட்டால் சொல்லவந்த செய்தியே போய்விடும். இன்று நம் அஞ்சல் பெட்டிக்கு வரும் ஜிஃப்களில் பெரும்பாலானவை இந்தச் சோதனையில் தேறாது. மின்னும் ‘50% தள்ளுபடி’, துள்ளும் அம்புக்குறி, மேலிருந்து கொட்டும் வண்ணத் தாள்கள். இவற்றை நிறுத்திவைத்தாலும் செய்தி அப்படியே இருக்கும்.

அசைவது கண்ணை இழுக்கும் என்பது உண்மைதானே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அதற்கு எல்லை உண்டு. ரிச்சர்ட் ஆப்ரம்ஸும் ஷான் கிறிஸ்டும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, கவனத்தைப் பறிப்பது அசைவு தொடங்கும் கணம் என்று காட்டியது. ஏற்கெனவே அசைந்துகொண்டிருக்கும் பொருளுக்கு அந்த ஆற்றல் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் மின்விசிறியை நாம் பார்ப்பதில்லை. நின்றிருந்த விசிறி சுழலத் தொடங்கினால் நிமிர்ந்து பார்க்கிறோம். முடிவில்லாமல் சுற்றும் ஜிஃப், சில விநாடிகளில் விசிறியின் நிலைக்கு வந்துவிடுகிறது. ஆளை இழுக்கும் வேலையை முடித்துவிட்டது, படிக்கவிடாமல் தொந்தரவு செய்யும் வேலையை மட்டும் தொடர்கிறது.

அந்தத் தொந்தரவையும் அளந்திருக்கிறார்கள். மொய்ரா பர்க், அந்தோணி ஹார்னோஃப் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்கள் திரையில் குறிப்பிட்ட சொற்களைத் தேட வேண்டும். பக்கத்தில் விளம்பரப் பட்டைகள் இருக்கும். பட்டைகள் தேடலைத் தாமதப்படுத்தின. பின்னர் நினைவைச் சோதித்தபோது விளம்பரங்கள் பெரும்பாலும் மறந்துபோயிருந்தன, அசையும் விளம்பரங்கள் அசையாதவற்றை விடவும் குறைவாக நினைவில் நின்றிருந்தன. கண் அசைவைக் கண்டதும் ‘இது விளம்பரம்’ என்று கணித்து விலகிக்கொள்ளப் பழகிவிட்டது என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன்.

2013-இல் டேனியல் கோல்ட்ஸ்டீன், பிரெஸ்டன் மெக்காஃபி, சித்தார்த் சூரி ஆகிய மூவரும் எரிச்சலூட்டும் விளம்பரங்களின் விலையைக் கணக்கிட்டார்கள். கூலிக்கு மின்னஞ்சல்களை வகைபிரிக்கும் வேலையைப் பலருக்குக் கொடுத்து, பக்கத்தில் விளம்பரங்களை வைத்தார்கள். எரிச்சலூட்டும் விளம்பரங்கள் இருந்தபோது மக்கள் வேலையைச் சீக்கிரமே கைவிட்டார்கள். அவர்களைத் தொடர்ந்து இருக்கவைக்க வேண்டுமானால் ஆயிரம் பக்கக் காட்சிக்கு ஏறத்தாழ ஒரு டாலர் கூடுதலாகத் தர வேண்டியிருக்கும் என்று கணக்கு வந்தது. எந்த விளம்பரம் ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டபோது முன்னணியில் வந்த குறை, அசைவு. அதே விளம்பரத்தின் அசையாத வடிவத்தைக் காட்டியபோது எரிச்சல் குறைந்தது. மின்னஞ்சலில் இதற்கு இணையான விலை, வாசகர் சந்தாவை நீக்கிவிட்டுப் போவது. விற்பனை அறிக்கையில் இது தனி வரியாக வருவதில்லை, ஆகவே பலரும் பார்ப்பதில்லை.

அப்படியானால் அசைவு எப்போது உதவும்? இதற்கு விடை தேடியவர்கள் விளம்பரத் துறையில் இல்லை, கல்வித் துறையில் இருந்தார்கள். உளவியலாளர் பார்பரா ட்வெர்ஸ்கி, ஜூலி மாரிசன், மிரேய் பெட்ரான்கூர் ஆகியோர் 2002-இல் எழுதிய கட்டுரை இத்துறையில் ஒரு திருப்பம். அசைபடம் கற்க உதவுகிறது என்று சொன்ன முந்தைய ஆய்வுகளை அவர்கள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். பல ஆய்வுகளில் அசைபடம் வென்றதற்குக் காரணம், அது அசையாப் படத்தில் இல்லாத கூடுதல் தகவலையும் சேர்த்துக் காட்டியதுதான். தகவலைச் சமமாக்கினால் அசைவின் மேன்மை பெரும்பாலும் கரைந்துபோனது. அவர்கள் இரண்டு நிபந்தனைகள் வைத்தார்கள். சொல்லவந்த பொருளே காலத்தில் மாறுவதாக இருக்க வேண்டும்; அந்த மாற்றம் கண் பின்தொடரும் வேகத்தில் நிகழ வேண்டும். ஐந்தாண்டு கழித்து டிம் ஹெஃப்லரும் டெட்லெவ் லாய்ட்னரும் 26 ஆய்வுகளைத் திரட்டி 76 ஒப்பீடுகளை ஆராய்ந்தார்கள். மொத்தத்தில் அசைபடத்துக்குச் சாதகமாகவே முடிவு வந்தது, ஆனால் எங்கே என்பதில்தான் செய்தி இருக்கிறது. கைவேலையைக் கற்றுத்தரும் இடங்களிலும், கற்க வேண்டிய பொருளையே அசைவு காட்டிய இடங்களிலும் பலன் அதிகம். அலங்காரத்துக்காக அசைந்த படங்களில் அந்தப் பலன் இல்லை.

கைவேலை என்ற சொல்லைக் கவனியுங்கள். முடிச்சு போடுவது, பெட்டியைப் பிரிப்பது, மாவைத் திரட்டுவது, ஒரு செயலியில் எந்தப் பொத்தானுக்குப் பிறகு எது என்பது. எக்ஸ்பிஎஸ் 12-இன் திரையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கையால் செய்வதைக் கண்ணால் காட்டியது அந்த மின்னஞ்சல்.

இனி அந்தக் கோப்பின் உள்ளே போவோம். ஜிஃப்பை 1987-இல் உருவாக்கியது அமெரிக்காவின் காம்ப்யூசர்வ் நிறுவனம். அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஸ்டீவ் வில்ஹைட். தொலைபேசிக் கம்பி வழியே மெதுவாக வரும் தரவில் வண்ணப் படத்தை அனுப்புவதே அன்றைய தேவை. ஒவ்வொரு படத்துக்கும் அதிகபட்சம் 256 வண்ணங்கள். ஒரு கோப்பில் பல படங்களை அடுக்க முடியும் என்பது முதலிலேயே இருந்தது. 1989-இல் வந்த 89ஏ என்ற திருத்திய வடிவம், ஃபிரேம் எனப்படும் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை நூறில் ஒரு விநாடி காத்திருக்க வேண்டும் என்று குறிக்க இடம் தந்தது. ஆனாலும் படம் ஒருமுறை ஓடி நின்றுவிடும். மீண்டும் மீண்டும் சுற்றவைத்தது 1995-இல் வந்த நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2.0 என்ற உலாவி. எத்தனை முறை சுற்ற வேண்டும் என்ற எண்ணைக் கோப்பில் எழுதும் வழியை அது சேர்த்தது. அந்த எண் பூஜ்யம் என்றால் முடிவில்லை. இன்றும் ஜிஃப் கோப்பைப் பிரித்துப் பார்த்தால் நெட்ஸ்கேப் என்ற பெயர் அந்த இடத்தில் பொறித்திருக்கும். உலாவி மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன, அதன் பெயர் கோடிக்கணக்கான கோப்புகளுக்குள் பயணம் செய்துகொண்டிருக்கிறது.

இத்தனை பழைய வடிவத்தை இன்னும் ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறோம்? மின்னஞ்சலில் வேறு வழி குறைவு. இணையப் பக்கத்தில் வேலை செய்யும் வீடியோவும் எழுத்து அசைவுகளும் மின்னஞ்சல் செயலிகளில் ஆங்காங்கே மட்டும் ஓடும். ஆப்பிள் மெயிலில் ஓடுவது ஜிமெயிலில் ஓடாது. ஜிஃப் ஏறத்தாழ எல்லா இடத்திலும் ஓடும். அந்த ‘ஏறத்தாழ’ என்ற சொல்லுக்குள் ஒளிந்திருப்பது அவுட்லுக்.

2007-இல் மைக்ரோசாஃப்ட், விண்டோஸுக்கான அவுட்லுக்கில் மின்னஞ்சலைக் காட்டும் பொறுப்பை வேர்டு மென்பொருளின் இயந்திரத்திடம் ஒப்படைத்தது. வேர்டு ஆவணத்தில் படம் அசையாது, ஆகவே அவுட்லுக்கிலும் அசையாது. 2007, 2010, 2013, 2016 பதிப்புகள் எல்லாம் ஜிஃப்பின் முதல் ஃபிரேமை மட்டும் காட்டி நின்றுவிடும். புதிய பதிப்புகள் அசைவைக் காட்டுகின்றன என்றாலும், அலுவலகக் கணினிகள் பழைய மென்பொருளை எளிதில் கைவிடுவதில்லை.

இதனால் விளையும் கேட்டை நான் நேரில் கண்டிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் தீபாவளியை ஒட்டி ஒரு நகைக்கடையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. கைப்பேசியில் பார்த்தபோது வெள்ளைப் பின்னணியிலிருந்து ஓர் ஆரம் மெல்ல உருவாகி, பிறகு சேதாரச் சலுகை எழுத்தாக எழுந்தது. அழகான வேலை. அலுவலகத்தில் அதே மின்னஞ்சலைப் பழைய அவுட்லுக்கில் திறந்தேன். வெள்ளைக் கட்டம். அதன் கீழே ஒரு பொத்தான். ஆரம் இல்லை, சலுகை இல்லை, எதற்காக அந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதும் இல்லை. வெறுமையிலிருந்து தொடங்கும் அசைவு, முதல் ஃபிரேமை வெறுமையாக விட்டுவிட்டது. அதைச் செய்த வடிவமைப்பாளருக்குத் திறமை இல்லாமல் இல்லை. தன் திரையில் மட்டும் பார்த்துவிட்டு அனுப்பியிருக்கிறார்.

முதல் ஃபிரேமைச் சுவரொட்டியாக நினைத்துத் தயாரிக்க வேண்டும். வேறு எந்த ஃபிரேமும் வராது என்ற எண்ணத்தோடு அதில் பொருளும் சலுகையும் முழுமையாக இருக்க வேண்டும். மெல்ல உருவாகும் காட்சிதான் வேண்டுமென்றால், நிறைவான காட்சியை முதலில் வைத்து, அங்கிருந்து தொடங்கி அங்கேயே திரும்பி வரும்படி வரிசையை மாற்றலாம். முக்கியமான சொற்களைப் படத்துக்குள் எழுதாமல், மின்னஞ்சலில் உண்மையான எழுத்தாக வைப்பது இன்னும் பாதுகாப்பு. படங்களை முடக்கிவைத்திருப்பவருக்கும், திரைவாசிப்பான் வழியே கேட்கும் பார்வையற்றவருக்கும் எழுத்து மட்டுமே போய்ச்சேரும். தமிழில் எழுதுவோருக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். நம் சொற்கள் நீளமானவை, எழுத்துகள் வளைவானவை. 256 வண்ணச் சுருக்கத்தில் ‘ணி’யும் ‘ளை’யும் ஓரம் கரைந்து கலங்கிவிடக்கூடும். ஆங்கிலத்தில் மூன்று எழுத்துச் சொல் மின்னி மறையும் வேகத்தில் ‘விற்பனை நாளையுடன் முடிகிறது’ என்பதை மின்னவிட்டால் யாராலும் படித்து முடிக்க முடியாது.

எடையின் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் மின்னஞ்சல் ஜிஃப்பின் பாதிச் சிக்கல் எடைதான். மின்னஞ்சலின் வழக்கமான அகலம் 600 பிக்சல். உயரம் 400 என்று வைத்தால் ஒரு ஃபிரேமில் 2,40,000 பிக்சல்கள். பிக்சலுக்கு ஒரு பைட் என்றால் சுருக்குவதற்கு முன் ஒரு ஃபிரேம் 2.4 லட்சம் பைட். 30 ஃபிரேம்களுக்கு 72 லட்சம் பைட், அதாவது ஏறக்குறைய 7 மெகாபைட். கூர்மையான கைப்பேசித் திரைகளுக்காக அகலத்தையும் உயரத்தையும் இரட்டிப்பாக்கினால் இது நான்கு மடங்காகும். இதைக் குறைப்பது எல்இசட்டபிள்யூ என்ற சுருக்கமுறை. ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வரும் வடிவங்களைக் கண்டுபிடித்து, அவற்றுக்குச் சுருக்கக் குறி கொடுப்பது அதன் வேலை. வண்ணம் சீராக, தட்டையாக இருந்தால் நன்றாகச் சுருங்கும். வண்ணப் பற்றாக்குறையை மறைக்கப் புள்ளி தெளித்து நிரப்பினால் அந்தச் சீர் உடைந்து கோப்பு வீங்கும்.

இதைவிடப் பெரிய சேமிப்பு வேறொன்றில் இருக்கிறது. முந்தைய ஃபிரேமிலிருந்து மாறாத பகுதியை ஜிஃப் திரும்ப எழுத வேண்டியதில்லை. மாறிய சிறு செவ்வகத்தை மட்டும் எழுதினால் போதும். கேமரா அசையாமல் நின்று, பொருளின் ஒரு பாகம் மட்டும் அசைந்தால் கோப்பு சிறியதாக முடியும். கேமரா நகர்ந்தால் ஒவ்வொரு பிக்சலும் மாறும். அது ஜிஃப்புக்கு ஏற்ற வேலையே அல்ல.

இந்த இடத்தில்தான் எனக்கு வியப்பு. 1987-இன் ஒரு கோப்பு வடிவத்தின் சிக்கனமும், ட்வெர்ஸ்கியும் பிறரும் கண்ட மனித மனத்தின் சிக்கனமும் ஒரே திசையைக் காட்டுகின்றன. பின்னணி உறைந்து நிற்க, பொருளுள்ள ஒரே ஒரு பாகம் அசைந்தால் கோப்பும் லேசு, பார்ப்பவருக்கும் எது முக்கியம் என்று தெரிகிறது. நியூயார்க்கின் ஜேமி பெக்கும் கெவின் பர்க்கும் 2011-இல் ஆடை உலகத்துக்காகச் செய்த சினிமாகிராஃப் என்ற வகைப் படங்கள் இதற்கு நல்ல உதாரணம். முழுக்க உறைந்த புகைப்படத்தில் ஒரு முடிக்கற்றை மட்டும், அல்லது ஒரு துணி நுனி மட்டும் காற்றில் அசையும். துணி விற்பவருக்கு அந்த நுனியின் அசைவு துணியின் கனத்தையும் மென்மையையும் சொல்லிவிடுகிறது. அங்கே அசைவு அலங்காரம் அல்ல, தகவல்.

எத்தனை கிலோபைட் வரை போகலாம் என்பதில் துறைக்குள் ஒரே கருத்து இல்லை. ஒரு மெகாபைட்டைத் தாண்டக்கூடாது என்பது பலரும் ஒப்புக்கொள்ளும் வரம்பு. அதில் பாதியே போதும் என்பது என் எண்ணம். ஒரு லட்சம் பேர் 2 மெகாபைட் படம் உள்ள மின்னஞ்சலைத் திறந்தால் 200 ஜிகாபைட் தரவு இடம்பெயர்கிறது, அதில் ஒரு பங்கு வாசகர்களின் கைப்பேசித் தரவுக் கணக்கிலிருந்து போகும். படம் முழுமையாக இறங்குவதற்குள் கட்டைவிரல் அதைத் தாண்டிப் போயிருக்கும். ஜிமெயில் 102 கிலோபைட்டைத் தாண்டிய மின்னஞ்சலை வெட்டிவிடும் என்பதோடு இதைச் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். அந்த வரம்பு மின்னஞ்சலின் குறிமொழிக்கு மட்டும், படத்துக்கு இல்லை.

வேகத்தில் ஒரு பழைய பொறி உண்டு. ஃபிரேம் இடைவெளியை நூறில் ஒரு விநாடியாகவோ பூஜ்யமாகவோ வைத்தால் படம் மின்னல் வேகத்தில் ஓடும் என்று நினைப்பார்கள். பெரும்பாலான உலாவிகள் 0.02 விநாடிக்குக் குறைவான இடைவெளியை 0.1 விநாடியாக மாற்றிவிடும், படம் எதிர்பார்த்ததைவிட மந்தமாக ஓடும். கடைசி ஃபிரேமை ஓரிரு விநாடி நிறுத்திவைப்பதும், இரண்டு மூன்று சுற்றோடு ஓட்டத்தை முடித்துவிடுவதும் ஆப்ரம்ஸ், கிறிஸ்ட் ஆய்வோடு பொருந்தும் நடைமுறைகள்.

எண்ணிக்கைக் கடிகாரம் என்ற வகை ஜிஃப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விற்பனை முடிய இன்னும் இத்தனை மணி, இத்தனை நிமிடம், இத்தனை விநாடி என்று மின்னஞ்சலுக்குள் ஓடும். மின்னஞ்சல் திறக்கும் கணத்தில் சேவையகம் அந்த நேரத்துக்கு ஏற்ற ஃபிரேம்களை உருவாக்கி அனுப்பும் என்பது அதன் தந்திரம். அந்தத் தந்திரம் இப்போது தளர்ந்துவிட்டது. 2013 டிசம்பர் முதல் ஜிமெயில் படங்களைத் தன் சொந்த இடைநிலைச் சேவையகம் வழியாகக் கொண்டுவந்து காட்டுகிறது. 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 15-உடன் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமைப் பாதுகாப்பு, வாசகர் திறக்கிறாரோ இல்லையோ, படங்களை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்கிறது. காலையில் இறக்கிய கடிகாரத்தை மாலையில் பார்ப்பவருக்கு அது பொய்யான நேரத்தைக் காட்டக்கூடும். படம் இறங்குவதை வைத்தே திறப்பைக் கணக்கிடுவதால், இதே மாற்றம் திறப்பு விகிதம் என்ற அளவையும் நம்பகமிழக்கச் செய்துவிட்டது. ஜிஃப்பின் பலனை அளக்க நினைப்பவர் கிளிக், வாங்குதல், சந்தா நீக்கம் ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

தொழில்நுட்பக் கோளாறால் தவறு காட்டுவது ஒன்று. திறக்கும்போதெல்லாம் ‘இன்னும் 2 மணி நேரம்’ என்று புதிதாகத் தொடங்கும்படி வேண்டுமென்றே செய்வது வேறு. இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் இறுதியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், ஏமாற்று வடிவமைப்புகள் என்று 13 வகைகளைப் பட்டியலிட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று போலி அவசரம். முடிவே இல்லாத விற்பனைக்கு ஓடும் கடிகாரம் அந்த வரையறைக்குள் வந்துவிடும்.

கடைசியாக, மிகக் கனமான விஷயம். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் போகிமான் தொடரின் ஓர் அத்தியாயம் ஒளிபரப்பானபோது, சிவப்பும் நீலமும் விநாடிக்குப் பன்னிரண்டு முறை அளவில் மாறி மாறி மின்னிய காட்சியால் அறுநூறுக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். 2016 டிசம்பரில் வலிப்பு நோயுள்ள அமெரிக்கச் செய்தியாளர் கர்ட் ஐகன்வால்டுக்கு ஒருவர் டுவிட்டரில் மின்னும் ஜிஃப் ஒன்றை அனுப்பினார். அதைக் கண்டதும் அவருக்கு வலிப்பு வந்தது. அடுத்த ஆண்டு டெக்சாஸ் மாநிலத்தில் குற்றச்சாட்டு பதிவானபோது, அந்த ஜிஃப் ஓர் ஆயுதமாகக் குறிப்பிடப்பட்டது. அது தீய எண்ணத்தோடு அனுப்பிய கோப்பு. ஆனால் நம் நரம்புகள் அனுப்பியவரின் எண்ணத்தைப் பார்த்துச் செயல்படுவதில்லை. பண்டிகை விற்பனைக்காகப் பளிச்பளிச் என மின்னும் படமும் அதே வழியாகத்தான் மூளைக்குள் போகிறது.

இணைய உள்ளடக்கத்தை எல்லோரும் அணுகுவதற்கான டபிள்யூசிஏஜி நெறிகள் இதில் தெளிவான எண்களைத் தருகின்றன. எந்த ஒரு விநாடியிலும் மூன்று முறைக்கு மேல் எதுவும் மின்னக்கூடாது. தானாகத் தொடங்கி ஐந்து விநாடிக்கு மேல், பிற உள்ளடக்கத்தோடு சேர்ந்து அசையும் எதையும் நிறுத்த வாசகருக்கு வழி இருக்க வேண்டும். மின்னஞ்சலில் ஜிஃப்பை நிறுத்தும் பொத்தான் பெரும்பாலும் இல்லாததால், ஐந்து விநாடிக்குள் தானாக நின்றுவிடும்படி செய்வதே அனுப்புபவர் கையில் உள்ள நேர்மையான வழி. அசைவைக் குறைக்கும்படி கைப்பேசியில் அமைத்திருப்பவருக்கு அசையாப் படத்தைக் காட்டும் குறிமொழியும் உண்டு, அது ஆப்பிள் மெயிலில் வேலை செய்யும். ஐஓஎஸ் 17 முதல் அசைபடங்கள் தானாக ஓடுவதையே நிறுத்திவைக்கும் அமைப்பும் வந்திருக்கிறது. தலைசுற்றல் உள்ளவர்களும் கவனச் சிதறலோடு போராடுபவர்களும் இந்த அமைப்புகளைத் தேடிப்பிடித்துப் போட்டுக்கொள்கிறார்கள். அவர்களும் உங்கள் சந்தாதாரர்கள்தான்.

மின்னஞ்சல் அனுப்பும் வேலையில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஜிஃப்பை அனுப்புவதற்கு முன் அதன் முதல் ஃபிரேமை மட்டும் தனியாக எடுத்து, அந்தப் பொருளைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் காட்டுங்கள். அவருக்குச் செய்தி புரிகிறதா என்று கேளுங்கள். பிறகு அசையவிட்டுக் காட்டி, புதிதாக என்ன தெரிந்துகொண்டார் என்று கேளுங்கள். ஒன்றும் இல்லை என்று சொன்னால், அசையாப் படத்தையே அனுப்பிவிடுங்கள்.